இரண்டு புடவை ஆசிரியை

பள்ளிக்கூடத்துக்குப் புறப்படும்போது சாவித்திரிபாய் ஒரு புடவையை உடுத்திக் கொள்வார். இன்னொரு புடவையைப் பையில் எடுத்துக் கொள்வார்.

அவர் ஆசிரியை. வயது 20-ஐ ஒட்டித்தான் இருக்கும். பூனா நகரத்துத் தெருக்களில் அவர் நடந்து போகும்போது, திண்ணையில் இருப்பவர்கள் ஏசுவார்கள். சிலர் சாணியை உருட்டி எறிவார்கள். சிலர் சேற்றை வாரி வீசுவார்கள். கல்லும் வந்து விழும். அம்மையார் தலை குனிந்தபடி நடந்து போய் விடுவார். பள்ளிக்குப் போய்ச் சேர்ந்ததும் அழுக்கான புடவையை மாற்றிக் கொண்டு பாடத்தைத் தொடங்குவார். மாலையில் புறப்படும்போது மறுபடியும் அந்த அழுக்குப் புடவையையே கட்டிக் கொள்வார். திரும்பிப் போகும் வழியிலும் சாணி காத்திருக்குமே!

அவர் செய்த குற்றம் என்ன? பெண் குழந்தைகளுக்கு எழுத்துச் சொல்லிக் கொடுத்தார். அவ்வளவுதான்.

இந்தப் புடவைக் கதையை, அந்தக் காலத்தை நேரில் அறிந்தவர்கள் பிற்காலத்தில் சொல்லி வைத்தார்கள். மராட்டிய நாட்டில் இன்று சிறு பிள்ளைக்கும் இது தெரியும். ஆனால் சாவித்திரிபாய் புலே அம்மையார் தாங்கிய கஷ்டங்களில் சாணி மிகச் சிறியது. அது துவைத்தால் போய்விடும். துவைத்தாலும் போகாத கஷ்டங்கள் பின்னால் வந்தன.

9 வயதில் கல்யாணம்

மகாராஷ்டிரத்தில் சதாரா ஜில்லா. அதில் நாய்காவ் என்று ஒரு கிராமம். 1831-ம் ஆண்டு ஜனவரி மாதம் 3-ந் தேதி சாவித்திரிபாய் அங்கே பிறந்தார். தகப்பனார் பெயர் கண்டோஜி நெவ்சே. தாயார் லட்சுமி.

1840-ம் ஆண்டில் கல்யாணம் நடந்தது. பெண்ணுக்கு வயது 9. மாப்பிள்ளைக்கு 13. மாப்பிள்ளையின் பெயர் ஜோதிராவ். பூனாவில் பூந்தோட்டம் போட்டுப் பூ விற்கும் மாலி வகுப்பைச் சேர்ந்த குடும்பம். பேஷ்வாக்கள் ஆண்ட காலத்தில் அரண்மனைக்குப் பூக்கள் கொடுத்து வந்தவர்கள். மராட்டியில் பூவுக்குப் பூல் என்று பெயர். அதிலிருந்தே புலே என்ற குடும்பப் பெயர் வந்தது.

பூ விற்கும் வீட்டுப் பையனுக்குப் படிப்பு எதற்கு என்று கேட்ட காலம் அது. ஜோதிராவின் தகப்பனார் கோவிந்தராவ் முதலில் மகனைப் பள்ளிக்கு அனுப்பினார். பிறகு ஊரார் பேச்சைக் கேட்டு நிறுத்தி விட்டார். பையன் தோட்ட வேலைக்குப் போனான். இரவில் விளக்கை வைத்துக் கொண்டு புத்தகத்தைப் புரட்டினான். அக்கம் பக்கத்தில் இரண்டு பெரியவர்கள் இருந்தார்கள். ஒருவர் கபார் பேக் முன்ஷி என்ற முஸ்லிம் ஆசிரியர். இன்னொருவர் ஓர் ஆங்கிலேயர். இந்த இருவரும் கோவிந்தராவிடம் எடுத்துச் சொன்னதால் பையன் மறுபடியும் பள்ளிக்குப் போனான். 1841-ம் ஆண்டு பூனாவில் ஸ்காட்லாந்துப் பாதிரிமார் நடத்திய பள்ளியில் சேர்ந்தான்.

அந்த இரண்டு பேரும் அன்று வாயை மூடிக் கொண்டு இருந்திருந்தால், இந்தக் கதையே இல்லை.

ஜோதிராவுக்குத் தாய் இல்லை. குழந்தைப் பருவத்திலேயே இறந்து விட்டார். அவரை வளர்த்தவர் சகுணாபாய் என்ற உறவுக்காரப் பெண்மணி. கணவனை இழந்தவர். ஒரு பாதிரியார் வீட்டில் குழந்தைகளைப் பார்த்துக் கொள்ளும் வேலை செய்தவர். அந்த அம்மாளுக்கும் படிப்பில் ஆசை. ஜோதிராவ் தாம் படித்ததை வீட்டில் மனைவிக்கும் சகுணாபாய்க்கும் சொல்லிக் கொடுத்தார். சாவித்திரிபாய்க்கு எழுத்தறிவித்தவர் கட்டிய கணவரே. அவர்தான் அந்தக் கணவருக்கு முதல் மாணவி என்றும் சொல்லலாம்.

ஊர்வலத்தில் அவமானம்

1848-ம் ஆண்டு. ஜோதிராவுக்கு ஒரு பிராமண நண்பர். அவருடைய கல்யாணத்துக்கு அழைப்பு வந்தது. ஜோதிராவ் போனார். மாப்பிள்ளை ஊர்வலத்தில் நண்பர்களோடு சேர்ந்து நடந்தார். உறவினர் சிலர் அவர் யார் என்று தெரிந்து கொண்டார்கள். கீழ் ஜாதிக்காரன் எங்களோடு சமமாக நடப்பதா என்று கேட்டு அவரை அவமானப்படுத்தினார்கள். ஜோதிராவ் வீடு திரும்பினார். அன்று இரவு அவருக்குத் தூக்கம் வந்திராது.

அதே ஆண்டில் அவர் அகமத்நகருக்குப் போனார். அங்கே அமெரிக்கப் பாதிரிமார்களின் பெண்கள் பள்ளி ஒன்று இருந்தது. மிஸ் சிந்தியா பாரர் என்ற அமெரிக்கப் பெண்மணி அதை நடத்தி வந்தார். பெண் குழந்தைகள் வரிசையாக உட்கார்ந்து படிப்பதை ஜோதிராவ் கண்ணால் பார்த்தார். பூனாவிலும் இதைச் செய்வது என்று முடிவு கட்டினார்.

1848-ம் ஆண்டிலேயே பூனா புதவார் பேட்டையில் பிடே என்பவருடைய மாளிகையில் பெண்கள் பள்ளி தொடங்கியது. வீட்டைக் கொடுத்தவர் ஒரு பிராமணர். பாதிரிமார் பல ஊர்களில் அதற்கு முன்பே பெண்கள் பள்ளிகள் நடத்தியது உண்டு. இந்த நாட்டு மக்கள் தாங்களே முன்வந்து நடத்திய பெண்கள் பள்ளிகளில் மிகவும் பழமையானவற்றுள் இது ஒன்று.

பள்ளிக்கு ஆசிரியை வேண்டும். படித்த பெண்ணுக்கு எங்கே போவது? ஜோதிராவ் வீட்டிலேயே ஒருவர் இருந்தார். சாவித்திரிபாய் பாடம் சொல்லிக் கொடுக்கப் போனார். முறையான ஆசிரியப் பயிற்சியும் பெற்றுக் கொண்டார்.

மாமனார் சொன்ன இரண்டு வழி

வைதிகர்கள் கொதித்தார்கள். பெண் படித்தால் குடும்பம் கெடும் என்றார்கள். தாழ்த்தப்பட்டவர்கள் படித்தால் தர்மமே கெடும் என்றார்கள். ஜோதிராவைத் தடுக்க முடியவில்லை. சாவித்திரிபாய் மீது கல்லெறிந்தும் பயன் இல்லை. ஆகவே கோவிந்தராவைப் பிடித்துக் கொண்டார்கள். மகனையும் மருமகளையும் அடக்கி வைக்கிறாயா, இல்லை ஜாதியை விட்டு விலக்கி வைக்கட்டுமா என்று மிரட்டினார்கள்.

கோவிந்தராவ் கெட்டவர் அல்ல. பயந்தவர். பூ வியாபாரம் ஊராரை நம்பி நடப்பது. ஜாதியை விட்டுத் தள்ளி வைத்தால் நல்லது கெட்டதுக்கு ஒருவரும் வீட்டு வாசலை மிதிக்க மாட்டார்கள். அவர் மகனைக் கூப்பிட்டுச் சொன்னார். ஒன்று, பள்ளிக்கூடத்தை விட வேண்டும். இல்லாவிட்டால் வீட்டை விட வேண்டும்.

1849-ம் ஆண்டில் அவர்கள் வீட்டை விட்டு வெளியேறினார்கள்.

சாவித்திரிபாய் விரும்பியிருந்தால் மாமனார் வீட்டில் தங்கியிருக்கலாம். குடும்பத்துப் பெரியவர்கள் அதைத்தான் புத்திசாலித்தனம் என்று சொல்லியிருப்பார்கள். அவர் கணவரோடு தெருவில் இறங்கினார். புருஷன் போன இடத்துக்குப் பெண்டாட்டி போவது அந்தக் காலத்து வழக்கம்தானே என்று சிலர் நினைக்கலாம். இவர் போனது பள்ளிக்கூடத்துக்காக. ஒரு சொல்லில் விட்டுக் கொடுத்திருந்தால் இருவருக்கும் அந்த வீடு மிஞ்சியிருக்கும்.

அப்போது அவர்களுக்கு இடம் கொடுத்தவர் உஸ்மான் ஷேக் என்ற முஸ்லிம் நண்பர் என்று பூனாவில் சொல்லி வருகிறார்கள். அவருடைய குடும்பத்துப் பெண் பாத்திமா. அந்தப் பெண்ணும் சாவித்திரிபாயோடு சேர்ந்து ஆசிரியை ஆனார்.

முதல் பள்ளி சில மாதங்களில் நின்று போயிற்று. பணம் இல்லை. சொந்த வீடும் போய்விட்டது. ஊரார் வெற்றி பெற்றோம் என்று நினைத்தார்கள்.

முதல் நாள் 8 பேர்

1851-ம் ஆண்டு ஜூலை மாதம் 3-ந் தேதி மறுபடியும் ஒரு பள்ளி தொடங்கியது. புதவார் பேட்டையில் சிப்ளூண்கர் என்பவருடைய மாளிகையில் நடந்தது. முதல் நாள் வந்த பெண்கள் 8 பேர். சில மாதங்களில் எண்ணிக்கை 48 ஆயிற்று. அதே ஆண்டு செப்டம்பரில் ராஸ்தா பேட்டையில் ஒன்று, 1852-ம் ஆண்டு மார்ச்சில் வேதாள் பேட்டையில் ஒன்று என்று மேலும் இரண்டு பெண்கள் பள்ளிகள் ஏற்பட்டன. தாழ்த்தப்பட்ட மகர், மாங் வகுப்புக் குழந்தைகளுக்கும் 1852-ல் பள்ளி திறந்தார்கள்.

இந்தப் பள்ளிகளை நடத்தியவர்கள் யார் யார் என்று பாருங்கள். ஒரு மாலி வகுப்புத் தம்பதி. ஒரு முஸ்லிம் பெண். சதாசிவ கோவந்தே, சகாராம் பராஞ்ச்பே, மோரோ விட்டல் வால்வேகர் என்ற மூன்று பிராமணர்கள். தாழ்த்தப்பட்ட பெற்றோர்களுக்குத் தைரியம் சொல்லிக் குழந்தைகளை அனுப்பச் செய்தவர், லகுஜி சால்வே என்ற மாங் வகுப்புப் பயில்வான். ஒருவர் வீட்டில் ஒருவர் தண்ணீர் குடிக்கக் கூடாது என்று ஊர் சொன்ன காலத்தில் இவர்கள் ஒரே பள்ளிக்காகச் சேர்ந்து உழைத்தார்கள்.

இவர்களை எது சேர்த்தது? சம்பளமா? பள்ளிக்கு வாடகை கொடுக்கவே அல்லாடினார்கள். புகழா? கிடைத்தது வசைதான். படிப்பு எந்த ஜாதிக்கும் தனிச்சொத்து அல்ல. பெண்ணுக்கும் ஆணுக்கும் அதில் ஒரே பங்கு. இந்த இரண்டிலும் அவர்களுக்குள் கருத்து வேற்றுமை இல்லை. மற்ற எத்தனையோ விஷயத்தில் இருந்தது.

1852-ம் ஆண்டு நவம்பர் மாதம் 16-ந் தேதி, பூனா விசிராம்பாக் மாளிகையில் சர்க்கார் சார்பில் விழா நடந்தது. கல்லூரித் தலைவர் மேஜர் கேண்டி, ஜோதிராவுக்குச் சால்வை போர்த்தினார். அடுத்த ஆண்டு பிப்ரவரியில் பெண்கள் பள்ளிகளுக்குப் பகிரங்கப் பரீட்சை வைத்தார்கள். மூன்று பள்ளிகளிலும் சேர்த்து 237 பெண்கள். வேடிக்கை பார்க்கச் சுமார் 3,000 பேர் கூடி விட்டார்கள். சாணி எறிந்தவர்களில் சிலரும் அந்தக் கூட்டத்தில் நின்றிருக்கக் கூடும். எதிரே அமர்ந்திருந்த சிறுமிகள் கேட்ட கேள்விக்கெல்லாம் பதில் சொன்னார்கள்.

மாணவி எழுதிய கட்டுரை

ஆசிரியரை எடை போட மாணவரைப் பார்க்க வேண்டும். சாவித்திரிபாயின் மாணவிகளில் முக்தாபாய் என்று ஒரு பெண். மாங் வகுப்பு. பள்ளியில் சேர்ந்து மூன்று ஆண்டுதான் படித்திருந்தாள். 1855-ம் ஆண்டு அவள் எழுதிய கட்டுரை, ஞானோதயம் என்ற மராட்டிப் பத்திரிகையில் வெளியாயிற்று.

மகர், மாங் மக்களின் துயரத்தைப் பற்றிய கட்டுரை அது. வேதத்தைக் கண்ணால் பார்க்கவும் எங்களுக்கு உரிமை இல்லை என்றால் எங்களுடைய மதம் எது என்று அவள் கேட்டிருந்தாள். தன் வகுப்புப் பெண்கள் கூரை இல்லாத இடத்தில், மழையிலும் குளிரிலும் பிரசவிக்கும் கொடுமையை எழுதியிருந்தாள். பேஷ்வா ஆட்சியில் தன் மக்கள் பட்ட பாட்டை வரிசையாகச் சொல்லியிருந்தாள். படித்து முன்னேறுங்கள் என்று தன்னவர்களைக் கெஞ்சியிருந்தாள். மூன்று ஆண்டுப் படிப்பில் ஒரு சிறுமி தன் பெயரை எழுதக் கற்றுக் கொண்டால் போதும் என்றுதான் நாம் நினைப்போம்.

சாவித்திரிபாயும் எழுதினார். 1854-ம் ஆண்டில் காவிய பூலே என்ற அவருடைய கவிதைத் தொகுதி வெளிவந்தது. அப்போது அவருக்கு வயது 23.

தம்பியோடு வாக்குவாதம்

1856-ம் ஆண்டு அம்மையார் நோய்ப்பட்டார். உடம்பைத் தேற்றிக் கொள்ளப் பிறந்த ஊரான நாய்காவுக்குப் போனார். அங்கிருந்து அக்டோபர் மாதம் கணவருக்கு எழுதிய கடிதம் ஒன்று இருக்கிறது. பூனாவில் தாம் இல்லாததால் பாத்திமாவுக்கு வேலைப் பளு அதிகமாகி இருக்கும் என்று அதில் கவலைப்படுகிறார். அந்தப் பெண் முணுமுணுக்க மாட்டாள் என்றும் எழுதுகிறார். படுக்கையில் இருக்கும்போதும் கவலை பள்ளியைப் பற்றித்தான்!

கடிதத்தில் இன்னொரு செய்தியும் உண்டு. உடன்பிறந்தவர் அவரிடம் சண்டைக்கு வந்தார். நீயும் உன் புருஷனும் மகர், மாங் மக்களுக்கு உழைத்து ஜாதியை விட்டுத் தள்ளப்பட்டீர்கள், குடும்பத்துக்கே அவமானம் என்றார். சாவித்திரிபாய் சும்மா இருக்கவில்லை. ஆட்டையும் மாட்டையும் கட்டித் தழுவுகிறாய், நாகபஞ்சமிக்குப் பாம்பைப் பிடித்துப் பால் வார்க்கிறாய், மனிதனைத் தொட மட்டும் மறுக்கிறாயே என்று திருப்பிக் கேட்டார். தாயார் இதையெல்லாம் பக்கத்தில் இருந்து கேட்டுக் கொண்டிருந்தார்.

தெருவில் கல்லெறிபவன் யாரோ ஒருவன். சொந்த வீட்டில், நோயாளியாகப் படுத்திருக்கும்போது, கூடப் பிறந்தவன் பேசுவதற்குப் பதில் சொல்வதுதான் கடினம்.

பள்ளிக்கு வந்த சோதனை

1857-ம் ஆண்டு சிப்பாய்க் கலகம் வந்தது. ஐரோப்பியர் கொடுத்து வந்த நன்கொடைகள் குறைந்து போயின. அது ஒரு பக்கம். பிள்ளைகளுக்கு எந்த அளவு சொல்லிக் கொடுப்பது என்பதில் நிர்வாகக் குழுவுக்குள்ளேயே அபிப்பிராய பேதம் எழுந்தது. எழுதப் படிக்கத் தெரிந்தால் போதும் என்றவர்கள் உண்டு. நல்லது எது, கெட்டது எது என்று தாமே சிந்திக்கும் படிப்பு வேண்டும் என்பது ஜோதிராவின் கட்சி. கதவைத் திறந்து விடுவதில் ஒற்றுமையாக இருந்தவர்கள், உள்ளே வந்த பிள்ளை எவ்வளவு தூரம் போகலாம் என்பதில் பிரிந்தார்கள். 1858-ல் ஜோதிராவ் நிர்வாகத்திலிருந்து விலகிக் கொண்டார்.

பள்ளிகள் நலிந்தன. அந்தத் தம்பதி சோர்ந்து உட்காரவில்லை. குழந்தைகள் பள்ளிக்கு வராமல் செய்யும் காரணங்கள் பள்ளிக்கு வெளியேதான் இருக்கின்றன என்பதைப் பத்து வருஷ அனுபவத்தில் கண்டு கொண்டார்கள். தாகம், பசி, இளம் வயதில் தாலி அறுத்தல். வேலை அந்தப் பக்கம் திரும்பியது.

1863-ம் ஆண்டு தங்கள் வீட்டிலேயே ஒரு விடுதி தொடங்கினார்கள். அந்தக் காலத்தில் கைம்பெண் கருவுற்றால் அவளுக்கு இரண்டே வழி. சிசுவைக் கொல்ல வேண்டும். இல்லை, கிணற்றில் விழ வேண்டும். இங்கே வந்து பத்திரமாகப் பிரசவித்துச் செல்லலாம் என்று ஊரில் அறிவிப்பு ஒட்டினார்கள். 1884-ம் ஆண்டுக்குள் 35 கைம்பெண்கள் அந்த வீட்டில் பிரசவித்தார்கள். அவர்களுக்குப் பத்தியம் போட்டு, குழந்தையைக் குளிப்பாட்டிய கை சாவித்திரிபாயின் கை.

அந்தத் தம்பதிக்குக் குழந்தை இல்லை. 1874-ம் ஆண்டு அங்கே வந்த ஒரு பிராமணக் கைம்பெண்ணின் மகனைத் தத்து எடுத்துக் கொண்டார்கள். யஷ்வந்த் என்று பெயரிட்டுப் படிக்க வைத்து டாக்டராக்கினார்கள்.

1868-ம் ஆண்டு வீட்டுத் தண்ணீர்த் தொட்டியைத் தீண்டப்படாதவர்கள் என்று ஒதுக்கப்பட்ட மக்களுக்குத் திறந்து விட்டார்கள். அதே ஆண்டு நாய்காவில் ஒரு பிராமண வாலிபனையும் மகர் வகுப்புப் பெண்ணையும், காதலித்த குற்றத்துக்காக அடித்துக் கொல்ல ஊர் திரண்டது. பெண் ஆறு மாதக் கர்ப்பிணி. சாவித்திரிபாய் ஓடிப் போய் நடுவில் நின்றார். கொலை செய்தால் வெள்ளைக்காரச் சட்டம் சும்மா விடாது என்று மிரட்டி இருவரையும் உயிரோடு மீட்டார்.

1873-ம் ஆண்டு செப்டம்பர் 24-ந் தேதி ஜோதிராவ் சத்திய சோதக சமாஜத்தை நிறுவினார். மனிதனுக்கும் கடவுளுக்கும் நடுவே தரகர் வேண்டாம் என்பது அதன் கொள்கை. 1876, 1877 பஞ்சத்தில் சாவித்திரிபாய் கிராமம் கிராமமாகச் சென்று நிலைமையைப் பார்த்தார். குழந்தைகளுக்கு உணவு விடுதிகள் ஏற்பட்டன.

உழுகிறவன் வரிப்பணம்

1882-ம் ஆண்டு சர்க்கார், கல்வி நிலையை ஆராய ஹண்டர் கமிஷனை நியமித்தது. ஜோதிராவ் அதற்கு எழுத்து மூலம் சாட்சியம் கொடுத்தார். சர்க்காருக்கு வருமானம் பெரும்பாலும் உழுகிறவனிடமிருந்து வருகிறது, அந்தப் பணம் மேல் வகுப்பாரின் பெரிய படிப்புக்குப் போகிறது என்று கணக்குக் காட்டினார். 12 வயது வரையிலாவது ஆரம்பக் கல்வியைக் கட்டாயமாக்க வேண்டும் என்றார்.

ஆசிரியர்களைப் பற்றி அவர் சொன்னது இன்னும் முக்கியம். கிராமப் பள்ளி ஆசிரியர்களை உழவர் வகுப்புகளிலிருந்தே எடுத்துப் பயிற்சி கொடுக்க வேண்டும். ஏர் பிடிக்கத் தயங்காத, மக்களோடு கலந்து பழகுகிற ஆசிரியர்கள் வேண்டும் என்றார். பயிற்சி பெற்ற ஆசிரியருக்கு மாதம் 12 ரூபாய்க்குக் குறையாமல் சம்பளம் வேண்டும் என்றும் கேட்டார். சேறு படிந்த புடவையோடு மனைவி வீடு திரும்பியதைப் பார்த்தவர் அல்லவா? ஆசிரியரின் பாடு அவருக்குத் தெரியும்.

தீச்சட்டி ஏந்திய மனைவி

1890-ம் ஆண்டு நவம்பர் 28-ந் தேதி ஜோதிராவ் காலமானார். கொள்ளிச் சட்டியை யார் ஏந்துவது என்று தகராறு வந்தது. தத்துப் பிள்ளைக்கு உரிமை இல்லை என்று உறவினர் வாதாடினார்கள். பிணம் காத்திருக்கிறது. சாவித்திரிபாய் எழுந்தார். தாமே சட்டியைக் கையில் எடுத்துக் கொண்டு ஊர்வலத்தின் முன்னால் நடந்தார். சுடுகாட்டுப் பக்கமே பெண்கள் போகாத காலம் அது!

கணவருக்குப் பிறகு சமாஜத்தின் பணியை அவர் ஏற்றார். 1893-ம் ஆண்டு சாஸ்வடில் நடந்த மாநாட்டுக்குத் தலைமை வகித்தார்.

1897-ம் ஆண்டு பூனாவில் பிளேக் நோய் பரவியது. ஜனங்கள் வீடுகளைப் பூட்டிக் கொண்டு ஓடினார்கள். யஷ்வந்த் அப்போது டாக்டர். தாயும் மகனும் ஊருக்கு வெளியே ஹடப்சர் பக்கம், திறந்த வெளியில் ஒரு சிகிச்சை நிலையம் தொடங்கினார்கள். நோயாளிகளைத் தொட்டுத் தூக்க ஆள் கிடைக்கவில்லை.

முண்ட்வா என்ற ஊரில், மகர் குடியிருப்பில் ஒரு சிறுவனுக்கு பிளேக் கண்டிருப்பதாகச் செய்தி வந்தது. சாவித்திரிபாய்க்கு அப்போது 66 வயது. அங்கே போனார். பையனை முதுகில் சுமந்து கொண்டு சிகிச்சை நிலையத்துக்கு வந்து சேர்ந்தார்.

பையன் பிழைத்துக் கொண்டான் என்று சொல்கிறார்கள். சுமந்து வந்தவரை நோய் பற்றிக் கொண்டது. 1897-ம் ஆண்டு மார்ச் மாதம் 10-ந் தேதி சாவித்திரிபாய் அம்மையார் உயிர் துறந்தார்.